இருநூற்றேழாவது படம்

குருசடித்துறையில் ரோமாபுரியைக் கண்ணால் கண்டவர் ஊர்ப் பாதிரியாராக இருந்து செத்துப்போன பங்குச்சாமி ஒருவர்தான், ஆனாலும் அந்த ஊரில் எந்த மீன்காரியை வழிமறித்து இடிந்த தூண் ஒன்றின் படத்தை நீட்டினாலும், தலைக்கூடையை இறக்காமலே, இது சாட்டர்ன் கோயில், மொத்தம் எட்டுத் தூண், முன்னால் ஆறு, பக்கத்துக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். சாமி வாலிபத்தில் ஆறு வருஷம் ரோமாபுரியில் படித்தவர், படித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் இடிபாடுகளைப் படம் பிடித்தவர், அப்படிப் பிடித்த முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் அடைத்துக்கொண்டு ஊர் வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆண்கள் சீட்டிலும் சாராயத்திலும் போய் விழாமல் இருக்கட்டும் என்று கோயில் மண்டபத்தில் ஓர் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர். சாமி படத்தைத் தூக்கிக் காட்டுவார், எந்த இடம் என்று முதலில் சொல்கிறவருக்கு ஒரு சோப்பு. படத்தின் முதுகில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. பெயரெல்லாம் சாமியின் தலைக்குள் இருந்தது, அவர் சாவதற்குள் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் லியோன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஆண்கள் கடலில் செய்ததையே மண்டபத்திலும் செய்தார்கள். கரையிலிருக்கும் கோயில் கோபுரமும் அதன் பின்னாலிருக்கும் மலைமுகடும் ஒரே கோட்டில் வரும்போது வள்ளத்துக்கு அடியில் இன்ன பாறை என்று இடம் பிடிக்கிறவர்கள் அவர்கள், அதனால் படத்திலும் தூணையும் மரத்தையும் கோடு சேர்த்துப் பார்த்து, படம் பிடித்தவர் எங்கே நின்றிருப்பார் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு, அவர் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதைச் சொல்லத் தெரியாமல் தோற்றுப்போனார்கள். பெண்கள் அப்படியில்லை. வெட்டிவைத்த துண்டைப் பார்த்து முழு மீனைச் சொல்கிற பழக்கம் அவர்களுக்குச் சந்தையிலேயே கைவந்தது, ஆகவே முழங்கால் உயரக் கல்லைப் பார்த்து முழுக் கோயிலையும் சொன்னார்கள். அவர்களிலும் பிரகாசியை ஜெயிக்க ஆளில்லை. மூன்று தூண் மட்டும் மிஞ்சிய கோயில்கள் ரோமாபுரியில் இரண்டு உண்டு, வரிசையாக நின்றால் இரட்டையர் கோயில், மூலை மடங்கி நின்றால் வெஸ்பாசியன் கோயில், இந்த வித்தியாசத்தில் வழுக்கி விழாதவள் அவள் ஒருத்தி. அவள் வீட்டில் காசு கொடுத்து சோப்பு வாங்கியதே கிடையாது. அவள் கணவன் சேசடிமை ஒருநாளும் படத்தைப் பார்க்க மாட்டான், அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், பதில் தெரிந்துவிட்ட நொடியில் அவள் மூக்கு லேசாகச் சுருங்கும், அதைப் பார்ப்பதற்காகவே மண்டபத்துக்கு வருவதாகச் சொல்வான்.

ஐப்பசிப் புயலில் கார்மேல் மாதா என்ற படகு பதினொரு பேரோடு போயிற்று, அதில் சேசடிமையும் ஒருவன். கடல் ஒரு செருப்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்த, இந்தப் பதினொரு பெண்களும் கொளுத்திய திரியை எங்கே நடுவது என்று தெரியாமல் கையில் மெழுகு வடிய நின்றார்கள். உடல் இல்லாததால் சாவு இல்லை, ஏழு வருஷம் பொறுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. கடல் பொறுக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு வரிசை வீடு என்று அது ஊரைத் தின்றுகொண்டு வந்தது, மூன்றாம் வரிசையாக இருந்த பிரகாசியின் வீடு முதல் வரிசையாகி, போன ஆடியில் அடுக்களையும் போய், இப்போது அவளும் எட்டு வயது மகள் ஜெனிட்டாவும் மிஞ்சிய ஒற்றை அறையில் படுத்தால் அலை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. இன்னோர் ஆடியை அந்தச் சுவர் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு உபதேசியார் நாற்பத்தொன்றாம் எண் படத்தைத் தூக்கினார். பிரகாசி சாட்டர்ன் கோயில் என்று சொல்லி சோப்பை வாங்கிக்கொண்ட பிறகு, பின்வரிசையிலிருந்து எலிசா எழுந்து, தூணடியில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறது தன்னுடைய மாப்பிள்ளை என்றாள். எல்லோரும் கிட்டப்போய்ப் பார்த்தார்கள். ஆமாம், எலிசாவின் புருஷன்தான், கார்மேல் மாதாவில் போனவன், காணாமல் போன அன்று கட்டியிருந்த அதே நீலக் கைலி. உபதேசியார் நோட்டைப் புரட்டி, நாற்பத்தொன்றுக்கு நேரே கோயில் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்து, பேனாவை எடுத்து, ஓர் ஆள், எலிசாவின் கணவர் என்று கூடுதலாக எழுதிவைத்தார். வேறென்ன செய்வார்?

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், ஒருவன் கரகல்லாவின் குளியல் மாளிகைச் சுவரில் சாய்ந்து நின்றான், ஒருவன் உடைந்த நீர்ப்பாலத்தின் நிழலில் படுத்துத் தூங்கினான், ஊரில் இருந்தபோது ஒருநாளும் குடி தெளிந்திராத ஒருவன் ஆப்பியச் சாலையில் முகம் கழுவித் தலை வாரித் தெளிந்து நடந்துகொண்டிருந்தான், அதைப் பார்த்த அவன் பெண்டாட்டிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஊர் அதற்குத் தகுந்தபடி ஆட்டத்தைத் திருத்திக்கொண்டது. இடத்தைச் சொன்னால் ஒரு சோப்பு, ஆளையும் சொன்னால் இரண்டு என்று ஆயிற்று. புருஷன்மார் மெலிந்திருக்கிறார்களா என்று பெண்கள் வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எப்போதும் முதுகையே காட்டிக்கொண்டிருக்கிறவனின் பெண்டாட்டியை மற்றவர்கள் ஜாடையாகக் கேலி செய்தார்கள், பொரித்த சாளை மீனை வாழையிலையில் வைத்துப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, மண்டபத்தில் மின்விசிறி போதாது என்று குறை சொல்லிவிட்டுப் போனார்கள்.

பத்துப் பேர் வந்துவிட்டார்கள், சேசடிமை வரவில்லை. பிரகாசி ஒவ்வொரு படத்திலும் இடத்தை மட்டும் சொல்லி ஒற்றைச் சோப்போடு வீடு திரும்பினாள். கடலுக்குள்ளும் இல்லாமல் ரோமாபுரியிலும் இல்லாமல் இந்த மனுஷன் எங்கே போய்த் தொலைந்தான் என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, அந்தக் கோபம் அடங்கும்போது பயமாக இருந்தது. ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் முடிந்து மூன்றாம் வாரம் உபதேசியார் இருநூற்றேழாவது படத்தை எடுத்தார். அது ஓஸ்தியா, ரோமாபுரிக்குப் பழைய துறைமுகம், ஒரு காலத்தில் அலையடித்த இடத்திலிருந்து கடல் மூன்று கிலோமீட்டர் பின்வாங்கிப் போய்விட, துறைமுகம் மட்டும் செங்கல் சுவர்களோடு வயல்காட்டில் அநாதையாகக் கிடக்கிறது என்று சாமி சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு சுவரோரம், கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, தூரத்தில் எதையோ தேடுகிறவனாக சேசடிமை நின்றான். மண்டபம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் இடத்தையும் சொல்லவில்லை, ஆளையும் சொல்லவில்லை, எழுந்து போய்ப் படத்தை உபதேசியார் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நம்முடைய கடலுக்கு ஊர் போதவில்லை, அவருடைய ஊருக்குக் கடல் இல்லை என்று பிறகு எலிசாவிடம் சொன்னாள்.

வைகாசியில் அரசாங்கத்துக்கு இரக்கம் வந்தது. கடலுக்கு எட்டாத செம்மண் மேட்டில் பதினொரு வீடு கட்டி, கார்மேல் மாதாவில் இறந்தவர்களின் மனைவிமாருக்குக் கொடுப்பது என்றும், அதற்காக ஏழு வருஷத்தைத் தள்ளுபடி செய்து இறப்புச் சான்றிதழ் வழங்குவது என்றும், அவரவர் கணவரைப் பற்றி நாளதுவரை ஒரு தகவலும் இல்லை என்று ஒவ்வொருத்தியும் தாசில்தார் முன்னிலையில் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் உத்தரவாயிற்று. பெண்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, பஸ் ஏறி வந்து பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா, படங்களின் சங்கதி அலுவலகம் போய்ச் சேர்ந்துவிட்டது. தாசில்தார் நேரில் வந்தார். நல்ல மனுஷர், குரல் உயர்த்தாதவர். தகரத்தைத் திறந்து பதினொரு படங்களையும் நிதானமாகப் பார்த்தார், அவருக்கும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, சட்டத்தில் இதற்கு எந்தப் பிரிவு என்பது மட்டும்தான் அவருடைய யோசனையாக இருந்தது.

"உயிரோட வெளிநாட்டுல இருக்கிறவருக்கு இறப்புச் சான்று குடுக்க முடியாதும்மா," என்றார். "ஒரே படகு, ஒரே கோப்பு. இதுல ஒருத்தர் உயிரோட இருந்தாலும் படகு மூழ்கலைன்னு ஆகும். மூழ்கலைன்னா பதினொரு பேரும் இருக்காங்கன்னு ஆகும். அப்புறம் எனக்கு வீடு குடுக்க வழியில்ல."

எலிசா, படத்தில் இருப்பது தங்கள் ஆட்கள் இல்லையென்றால் என்று மெல்லக் கேட்டாள். அப்படியென்றால் கஷ்டமில்லை என்று தாசில்தார் சொன்னார். ஆடி முதல் தேதி வருவதாகவும், படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவதாகவும், யாருக்கும் யாரையும் தெரியாவிட்டால் அன்றைக்கே கையெழுத்து என்றும் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஊர் கூடிப் பேசியது. பேச என்ன இருக்கிறது? வீடு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, படத்தில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்பதில்தான் சந்தேகம், அதையும் உபதேசியார் தீர்த்துவைத்தார், பெண்டாட்டி பிள்ளைகள் கடலில் போவதை எந்தப் புருஷனும் விரும்ப மாட்டான் என்றார். ஆனால் இருபது வருஷமாகச் சரியாகச் சொல்லியே பழகிய ஊர் அது. தெரியாது என்று சொல்வது அவர்களுக்கு வரவில்லை. ஆகவே தினமும் மத்தியானம் மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. உபதேசியார் தாசில்தாரைப் போலக் குரல் உயர்த்தாமல் இது யார் என்று கேட்க, பெண்கள் தெரியாது என்று சொல்லிப் பழகினார்கள். எலிசா முதல் இரண்டு நாளும் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். ஒருத்தி தெரியாது என்று சொல்லிவிட்டுத் தாலியைத் தொட்டாள், இன்னொருத்தி அவருக்குத் தோள் இவ்வளவு அகலம் இல்லை என்று தேவையில்லாமல் சேர்த்துச் சொன்னாள், எல்லாவற்றையும் உபதேசியார் திருத்தினார். நன்றாகத் தெரியாதவர்களுக்கு சோப்பு கொடுத்தார். நான்காம் நாள் பிள்ளைகளையும் கேட்பார்களோ என்ற யோசனை வந்து, ஜெனிட்டாவைக் கூப்பிட்டு இருநூற்றேழைக் காட்டியபோது, அவள் ஒரு பார்வை பார்த்து, கண் இமைக்காமல், தெரியல்ல என்றாள். உபதேசியார் அவளுக்குக் கொடுத்த சோப்பைப் பிடுங்கி எறிந்து அவளை அறைய வேண்டும் என்று பிரகாசிக்கு ஆத்திரம் வந்தது. அறையவில்லை. அந்தப் பிள்ளை சரியாகத்தான் சொன்னது.

ஆடி முதல் தேதி கடல் பிரகாசியின் வாசல்படியை எடுத்துக்கொண்டு போயிற்று. பாயையும் பானையையும் மண்டபத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு அவள் வரிசையில் கடைசியாக நின்றாள். தாசில்தார் முதலில் எலிசாவைக் கூப்பிட்டு நாற்பத்தொன்றைக் காட்டினார். எலிசா சிரிக்கவில்லை. தெரியாது என்றாள். உடனே படத்தில் அவள் புருஷன் பொத்திக்கொண்டிருந்த வலையை உதறிச் சுருட்டித் தோளில் போட்டு, தூண்களுக்குப் பின்னால் நடந்து போய்விட்டான். தாசில்தார் வெறும் கோயிலைப் பார்த்துவிட்டு, சரி, ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டார். இப்படியே பத்துப் பேரும் தெரியாது என்றார்கள், பத்துப் பேரும் போனார்கள், தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போனான், எப்போதும் முதுகு காட்டியவன் போகும்போது மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவன் பெண்டாட்டி அதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பிரகாசியின் முறை வந்தது. தாசில்தார் இருநூற்றேழைக் காட்டி இது யார் என்றார். தெரியாது என்றாள். சேசடிமை நகரவில்லை. அதற்கு மாறாக, அத்தனை நாளும் தூரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தவன் இப்போது நேராக அவள் முகத்தைப் பார்த்தான். தாசில்தார் மறுபடி கேட்டார், மறுபடியும் தெரியாது என்றாள், அவன் அப்படியே நின்றான், அவன் பார்வை அவள் மூக்கில் நின்றது. மூக்கு சுருங்கியதோ என்னவோ அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியாத ஆளா இருந்தா இவரு ஏம்மா நிக்காரு?" என்று தாசில்தார் கேட்டார். அவர் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

பின்னால் கையெழுத்துப் போட்டு முடித்த பத்துப் பெண்கள் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய பிள்ளைகள் நின்றார்கள், எல்லோருக்கும் பின்னால் கடல் சுவரை அடிக்கிற சத்தம் கேட்டது. பிரகாசிக்கு அந்த நிமிஷத்தில் அவன்மேல் வந்த கோபம் பொய்யான கோபம் இல்லை. அடுக்களை போனபோது இல்லாதவன், வாசல்படி போனபோது இல்லாதவன், இப்போது போகச் சொல்லும்போது மட்டும் பிடிவாதமாக நிற்கிறானே என்று நெஞ்சு எரிந்தது.

"இது எனக்க மாப்பிள இல்ல சாரே," என்றாள். "எனக்க மாப்பிளயா இருந்தா, கடலு இல்லாத ஊருல போய் இப்பிடிக் கைய வச்சிப் பாத்துட்டு நிக்க மாட்டாரு. நீந்தியாவது வந்திருப்பாரு."

சேசடிமை புருவத்திலிருந்து கையை இறக்கினான். கைலியை மடித்துக் கட்டினான். மற்றவர்கள் போனதுபோல் சுவருக்குப் பின்னால் போகாமல், அந்தத் துறைமுகத்தை விட்டுக் கடல் எந்தப் பக்கம் பின்வாங்கிப் போயிருந்ததோ அந்தப் பக்கமாக வேகமாக நடந்து படத்தின் ஓரத்தைத் தாண்டினான். தாசில்தார், ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

மேட்டு வீடுகள் நல்ல வீடுகள். கான்கிரீட் கூரை, குழாய்த் தண்ணீர், வீட்டுக்கு வீடு கதவில் எண். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, சத்தமும் கேட்காது, முதல் வாரம் பதினொரு வீட்டிலும் யாருக்கும் உறக்கம் வரவில்லை, பிறகு பழகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் பதினொரு சிலுவை நட்டார்கள், திருநாளன்று பெண்கள் மெழுகுவர்த்தியை எங்கே வைப்பது என்று திகைக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான் நின்றுபோயிற்று. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உபதேசியார் படத்தைத் தூக்கினால் மண்டபம் மொத்தமும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும், கொலோசியத்தைக் காட்டினால்கூட ஒருவருக்கும் பெயர் வராது, யோசிக்கிற மாதிரிகூடத் தெரியாது. பழகியது பழகியதுதான். மூன்று வாரம் பார்த்துவிட்டு அவர் தகரத்தை மூடிப் பரணில் ஏற்றிவிட்டார்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம் பிரகாசி வாசலில் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேட்டுச் சரிவில் ஓர் ஆள் ஏறி வந்தான். கைலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, தோளும் முதுகும் உப்புப் பூத்து வெளுத்திருந்தன, உள்ளங்கால்கள் ஊறிப்போய் நடக்க முடியாமல் நடந்தான். எத்தனை கடல்களைக் கடந்து வந்தான், எத்தனை நாள் நீந்தினான் என்பதையெல்லாம் கேட்க அங்கே யாரும் இல்லை. பழைய ஊர் இருந்த இடத்தில் கரையேறி, வீடு இருந்த இடத்தில் தண்ணீரைப் பார்த்து, ஆளைக் கேட்டு, ஆளைக் கேட்டு வந்திருக்க வேண்டும். அவள் வாசலில் வந்து நின்றான். தாடிக்குள் அவன் முகம் அவளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது.

பத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. பத்துப் பெண்களும் அவரவர் வாசலில் வந்து நின்றார்கள். எதையும் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, ஒரே படகு, ஒரே கோப்பு. அவன் வாயிலிருந்து தன் பெயர் ஒரு தடவை வந்துவிட்டால் பதினொரு வீட்டின் கூரையும் போகும் என்பது பிரகாசிக்குத் தெரிந்தது. தான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாளே அந்த ஒரே ஒரு வார்த்தையை நம்பி, இந்த மனுஷன் உலகத்தை நீந்திக் கடந்து வந்திருக்கிறான் என்பதும் தெரிந்தது. எழுந்து அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. அவள் எழுந்தாள், உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"யாரு வேணும்?" என்றாள்.

அவன் சிரிப்பு நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திறந்திருந்த கதவுகளைப் பார்த்தான், கதவில் இருந்த எண்ணைப் பார்த்தான், கடைசியில் தன்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெனிட்டாவைப் பார்த்தான், அவளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தான். தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தான்.

"இது குருசடித்துறை இல்லியாம்மா?" என்று கேட்டான். கட்டிய நாளிலிருந்து அவளைப் பிள்ளே என்று கூப்பிட்டவன்.

"இல்ல," என்றாள் பிரகாசி.

"அப்பிடின்னா எடம் மாறித்தான் வந்திட்டேன்," என்றான். செம்பைப் படியில் வைத்துவிட்டு, ஏறிவந்த வழியே சரிவில் இறங்கிக் கடல் இருக்கும் பக்கம் போனான்.

அவன் தலை மறைகிறவரை யாரும் அசையவில்லை. பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. எலிசா மட்டும் தன் வாசலிலிருந்து இறங்கி வந்து, பிரகாசியின் தோளில் கையை வைத்து, யாரு பிள்ளே அது என்று கேட்டாள். பிரகாசி, தெரியல்ல என்றாள். எனக்கும் தெரியல்ல என்று சொல்லிவிட்டு எலிசா குனிந்து, உப்புக் கை பட்டு வெளுத்திருந்த செம்பை எடுத்து, குழாயடிக்குக் கொண்டுபோய் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.